ஆளுக்கொரு குரூப் போதும், ஆர்டருக்கு ஒரு குரூப் எங்கே?

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஆர்டர் எத்தனை கை மாறுகிறது என்பது வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. நூல் வந்ததும் நிட்டிங், அப்புறம் டையிங், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், பவர் டேபிள் (தையல்), செக்கிங், அயர்னிங், பேக்கிங். இதில் பலதும் ஜாப் ஒர்க், அதாவது கூலிக்கு வெளியே கொடுத்துச் செய்வது. ஒவ்வொன்றுக்கும் வேறு முதலாளி, வேறு தெரு. யாரும் யாருக்கும் மேலதிகாரி கிடையாது. "ஏனுங்ணா, இன்னிக்குத் துணி வந்துருங்களா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் வேலை நகர்கிறது.

இந்தக் கேள்வி பதிலெல்லாம் இப்போது வாட்ஸ்அப்பில். கம்பெனிகளில் ஆர்டர், ஸ்டாக், பில் கணக்கு வைக்க ஈஆர்பி சாஃப்ட்வேர் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் அதில் ஏறுவது நடந்து முடிந்த சங்கதி: டிசி (டெலிவரி சலான்) போட்டாச்சு, பில் வந்தாச்சு. "பையர் லேப் டிப்பை (சாயம் போட்ட மாதிரித் துண்டு) ஓகே பண்ணிட்டார், ஆனா ஷேடு கொஞ்சம் டார்க்கா வேணுங்கிறார்" என்பதை எழுத அதில் கட்டமே கிடையாது. அது, பையரோடு பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் போனில் வாய்ஸ் மெசேஜாகக் கிடக்கும். அவர் லீவு போட்டால் அதுவும் லீவு.

இதற்காக வாட்ஸ்அப்பைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாம் குரூப் பிரிக்கிற விதம்தான் கோளாறு. டையிங் குரூப், பிரிண்டிங் குரூப், மேனேஜ்மென்ட் குரூப் என்று ஆட்களை வைத்துப் பிரித்திருக்கிறோம். ஒரே நேவி கலரைப் பற்றிய பேச்சு மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும், நடுநடுவே குட்மார்னிங் பூவும் கும்பாபிஷேக அழைப்பிதழும். ஸ்டைல் நம்பர் இல்லாமல் ஒரு போட்டோ வரும், கீழே "இது ஓகேங்களா?" நாலு பேர் கட்டை விரலைத் தூக்குவார்கள். எதற்குத் தூக்கினோம் என்று மறுநாள் அவர்களுக்கே தெரியாது.

பேச்சு, ஃபைல், செய்ய வேண்டியது எல்லாவற்றையும் ஒரு காரியத்தைச் சுற்றிச் சேர்த்து வைக்கும் யோசனை பழையதுதான். 2007இல் ஆபீஸ் கூட்டு வேலைக்காக ஐபிஎம் கொண்டுவந்த லோட்டஸ் கனெக்‌ஷன்ஸில் 'ஆக்டிவிட்டீஸ்' என்றே ஒரு பகுதி இருந்தது. வேலையைத் தொடங்குகிறவர் ஓர் இடம் திறப்பார், வேண்டிய ஆட்களைச் சேர்ப்பார், குறிப்பும் கோப்பும் அங்கேயே சேரும். இதற்குப் பின்தான் அது என்ற கட்டாயம் கிடையாது. 2011இல் வந்த ட்ரெல்லோ என்ற வேலைப் பலகை ஆப்பின் கார்டிலும் இதே வாசனை. நம்ம ஊர் வேலைக்கு இந்தத் தளர்வுதான் பொருந்தும். இங்கே பிரிண்டிங் முடியாமலே பாதி லாட் தையலுக்குப் போகும்.

அப்படியானால் இந்த மாதிரி சாஃப்ட்வேர் இங்கே ஏன் ஒட்டவில்லை? ஜோனதன் கிருடின் என்ற ஆய்வாளர் 1988லேயே காரணம் எழுதிவிட்டார்: கூட்டு வேலைக்கான மென்பொருளில் பலன் ஒருவருக்கு, கூடுதல் வேலை இன்னொருவருக்கு. டையிங் சூப்பர்வைசர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கிலோ கணக்கை ஏற்ற வேண்டும், எம்.டி. ஏசி ரூமில் உட்கார்ந்து திரையில் வேலை நிலவரத்தைப் பச்சை சிவப்பாகப் பார்ப்பார். சூப்பர்வைசருக்கு என்ன லாபம்? அவர் ஏற்றாமல் விடுவது சோம்பேறித்தனம் இல்லை, கணக்குத் தெரிந்தவர்.

அதே கணக்கை ஏற்றினால் கட்டிங்காரரும் மெர்ச்சண்டைசரும் மாறி மாறிப் போன் போடுவது நிற்கும் என்றால் அவர் ஏற்றுவார். அதற்குப் பெரிய சாஃப்ட்வேர் தேவையில்லை. ஸ்டைல் நம்பரைப் பேராக வைத்து ஆர்டருக்கு ஒரு குரூப், அதன் டிஸ்கிரிப்ஷனில் ஒரு கூகுள் ஷீட் லிங்க். ஷேடு சந்தேகத்தை அந்தக் கட்டத்திலேயே கமென்டாகப் போடலாம், யார் எப்போது எண்ணை மாற்றினார் என்பது வெர்ஷன் ஹிஸ்டரியில் இருக்கும். அந்த ஹிஸ்டரியை எடுத்து வைத்துக்கொண்டு ஆளை விரட்டுகிற மேனேஜர்களும் உண்டு. ஒருமுறை அப்படிச் செய்தால் போதும், மறுநாளே எல்லாரும் போனுக்குத் திரும்பிவிடுவார்கள்.

குரூப் எண்ணிக்கை ஏறிப்போகுமே என்பீர்கள். ஏறும்தான். ஷிப்மென்ட் போனதும் ஆர்க்கைவில் தள்ளிவிடுங்கள். பையர் பின்னால் குறை சொல்லி க்ளெய்ம் போட்டால் தேட ஒரே இடம்.