கறுப்பா "இருந்தாலும்"

எங்கள் அம்மா இருபது வருஷமாக சீரியல் பார்த்தார் என்று சொன்னால் அது பொய். கேட்டார், அவ்வளவுதான்.

சேலம் சிவதாபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பலகை, ஒரு குறடு, தலைக்கு மேல் ஒரு பல்பு. கொலுசுப் பட்டறையிலிருந்து வளையமும் சலங்கையும் எடை போட்டுக் கொடுப்பார்கள். கோர்த்து முடித்துக் கொண்டுபோனால் மறுபடி எடை போடுவார்கள். குறைந்தால் கூலியில் பிடித்தம். அதனால் அம்மாவின் கண் பலகையை விட்டு நகராது. சாயந்திரம் ஆறரையிலிருந்து பத்து மணி வரை முதுகுக்குப் பின்னால் டிவி தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். 2006க்குப் பிறகு அரசாங்கம் வீடுவீடாகக் கொடுத்த இலவச கலர் டிவி. அதில் கலர் தெரியும் என்பது அம்மாவுக்குக் கேள்விச் செய்திதான்.

கோலங்கள் அபி ஒரு குரல். மாமியார் ஒரு குரல். வில்லி வந்தால் ட்யூன் மாறும், நிமிர்ந்து பார்க்கவே வேண்டாம். ஒரே ஒரு சத்தத்துக்குத்தான் நிமிர்வார்: கொலுசு. நம் சீரியல் டைரக்டர்களுக்குக் கால் மேல் தனிப் பிரியம். மருமகள் வலது காலை எடுத்து வைத்தாலும் குளோசப், வில்லி மாடிப்படி இறங்கினாலும் குளோசப். அம்மா ஒரு பார்வை பார்த்து, "அது நம்மூரு சரக்கு இல்ல, மெசின் கொலுசு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுக் குனிந்துகொள்வார். ஆக, அம்மாவின் சீரியல் உலகத்தில் பெண்களுக்குக் குரலும் காலும் மட்டும்தான் உண்டு. முகத்தையும் நிறத்தையும் அவரே வைத்துக்கொள்வார்.

விஜய் டிவியில் 2019இல் பாரதி கண்ணம்மா தொடங்கியபோது எங்கள் தெருவே அதில் விழுந்தது. கறுப்பாகப் பிறந்த கண்ணம்மா, சித்திக்காரி கொடுமை, கறுப்பு என்றாலே ஆகாத மாமியார், டாக்டர் கணவன். அம்மா இந்தக் கண்ணம்மாவுக்கு எங்கள் எதிர்வீட்டு அக்காவின் முகத்தை வைத்திருந்தார். அந்த அக்காவைப் பெண் பார்க்க வந்து, பஜ்ஜி சாப்பிட்டு, காபி குடித்துவிட்டு, "ஜாதகம் பொருந்தல" என்று சொல்லியனுப்பிய வீடுகள் ஐந்து. ஜாதகம் பொருந்திய பிறகுதான் ஐந்து வீடும் வந்தன என்பது தெருவுக்கே தெரியும்.

2021 தொடக்கத்தில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். ஒரு மாதம் குனியக் கூடாது, வளையத்தைத் தொடக் கூடாது. முதல்முறையாக டிவிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, இவளா கண்ணம்மா?" என்றார்.

"ஆமாம்மா."

"மேலுக்குப் பூசி விட்டிருக்காங்களே. நாம கறுத்துப்போன வெள்ளியை மெருகு போட்டு வெளுப்பாக்குறோம். இவங்க அதையே திருப்பிச் செய்யறாங்களாட்டம் இருக்குது."

நடித்த ரோஷினி ஹரிப்பிரியனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் நடித்தார். ஆனால் அவர் நிறத்தை ஒப்பனையால் கூட்டித்தான் கண்ணம்மா ஆக்கினார்கள். கறுப்பு ஒரு குறையா என்று கேட்கப் புறப்பட்ட கதை, கறுப்பை டப்பாவிலிருந்து எடுத்துப் பூசிக்கொண்டது. ராத்திரி கழுவினால் போய்விடும் கறுப்பு. தமிழில் மட்டும்தான் இந்தக் கதை என்றும் இல்லை. ஹிந்தியில் ஜீ டிவியின் சாத் பேரே 2005இலேயே வந்தது. நாயகி சலோனியின் தலைவலியே நிறம்தான். மலையாளத்தில் 2014இல் கருத்தமுத்து. அதே கதை தெலுங்குக்குப் போய் 2017இல் கார்த்திக தீபம், அப்புறம்தான் நம் கண்ணம்மா. ஊர் ஊராக ஓடுகிறது என்றால் ஊர் ஊராகப் பார்க்க ஆள் இருக்கிறது.

சீரியல்காரர்களை மட்டும் திட்டி என்ன பயன்? நம் பேச்சைக் கேளுங்கள். "பொண்ணு நல்ல கலர்" என்றால் என்ன கலர்? யாரும் கேட்பதில்லை, சிவப்பு என்று எல்லோருக்கும் தெரியும். "கலர் கொஞ்சம் கம்மி" என்றால் கறுப்பு. அதாவது கறுப்பு ஒரு நிறமே இல்லை; நிறம் குறைவது. பட்டறைத் தராசில் குறையும் கிராம் மாதிரி, எங்கேயோ பிடித்தம் இருக்கும். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான அலிபாபாவும் 40 திருடர்களும் 1956இல் வந்தது, அதை எடுத்தது எங்கள் ஏற்காடு ரோட்டு மாடர்ன் தியேட்டர்ஸ். சேலத்துக்காரர்கள் வெளியூரில் முதலில் அவிழ்த்துவிடும் பெருமைகளில் இதுவும் ஒன்று. (ஸ்டூடியோ போய்விட்டது, முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது.) தமிழ்ப் படத்துக்குக் கலர் கொடுத்த ஊரிலும் கல்யாணத் தரகரிடம் கலர் என்றால் ஒரே கலர்தான்.

இவற்றிலெல்லாம் எனக்கு ஆகவே ஆகாத சொல் "இருந்தாலும்". "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." பிறந்ததிலிருந்து கேட்கிறேன். சொல்கிறவர்கள் ஆசையாகத்தான் சொல்கிறார்கள், அதனால் சண்டையும் போட முடியாது. கறுப்பா இருந்தாலும் களை. கறுப்பா இருந்தாலும் படிப்பு. கறுப்பா இருந்தாலும் நல்ல குணம். அந்த "இருந்தாலும்" கையெழுத்துப் போடாத கடன் பத்திரம். களை இருந்தால் அசலில் கொஞ்சம் கழியும், வேலை இருந்தால் இன்னும் கொஞ்சம். மிச்சத்தைக் குணத்தால் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வட்டி மட்டும் நிற்காது.

சீரியல் இந்தக் கடனைத்தான் தினமும் வசூல் பண்ணுகிறது. அதில் வரும் கறுப்பான நாயகிக்கு எரிச்சல் வரக் கூடாது. பொறாமை கூடாது. காலையில் எழுந்திருக்கச் சோம்பல் படக் கூடாது. அடித்த மாமியாருக்கு நெஞ்சுவலி என்றால் ஓடிப்போய்க் காலைப் பிடிக்க வேண்டும். எங்கள் எதிர்வீட்டு அக்கா அப்படியில்லை. வாய் துடுக்கு, சீட்டுப் பணத்தில் கறார், மூன்றாவது மாப்பிள்ளை வீட்டாரிடம் பஜ்ஜித் தட்டைப் பாதியிலேயே வாங்கிக்கொண்டு உள்ளே போனவர். அவரை வைத்து எந்த சேனலும் கதை எடுக்காது. பரிதாபம் வராது என்பார்கள்.

சன் டிவியில் 2021இல் சுந்தரி வந்தபோது அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். கேப்ரியல்லா செல்லஸைப் பார்த்துவிட்டு "இது பூசினது இல்ல" என்று முதல் வாரமே சான்றிதழ் கொடுத்தார். பிரைம் டைமில் அப்படி ஒரு முகம் வருஷக்கணக்கில் நடுநாயகமாக நின்றது பெரிய விஷயம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கதை? கணவனுக்கு அவள் நிறம் பிடிக்கவில்லை. அவளை மறைத்து இன்னொருத்தியைக் கட்டுகிறான். இவளுக்குக் கலெக்டர் ஆகிற கனவு. நான் கேட்பது இதுதான்: ஏன் கலெக்டர்? தாலுகா ஆபீஸ் கிளார்க் ஆனால் பத்தாதா? சிவப்பான நாயகி ஒன்றுமே ஆக வேண்டாம், அர்ச்சனைத் தட்டோடு ஹீரோ மேல் மோதினால் போதும், கதை நடந்துவிடும். கறுப்பானவள் மட்டும் ஐஏஎஸ் எழுத வேண்டும்.

பணத்துக்கு வருவோம். சீரியலில் பணக்காரி கெட்டவள், ஏழை நல்லவள். கேட்க ஏழைக்குப் பரிந்து பேசுவது மாதிரி இருக்கும். கொஞ்சம் உற்றுப் பாருங்கள், அந்த ஏழை நாயகியும் சிவப்புதான். குடிசையிலிருந்து வருவாள், வெயிலே படாத தோலோடு. கறுப்பு முகம் வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்கிற வேலைக்காரம்மாவைப் பார்க்க வேண்டும். அந்த அம்மா பாத்திரம் கழுவி யாரும் பார்த்ததில்லை. கதவோரம் நின்று ஒட்டுக்கேட்பதுதான் அவர் உத்தியோகம். வீட்டுக்காரர்களும் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று தெரியாது. "பிசினஸ்" என்பார்கள், ஃபைலில் கையெழுத்துப் போடுவார்கள். என்ன விற்கிறார்கள், யார் செய்து கொடுக்கிறார்கள்? கேட்காதீர்கள். சாதியை வாயால் சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே நமக்குப் புரியும்படி தோலையும் தாழ்வாரத்தையும் வைத்திருப்பார்கள்.

சேலத்துச் சரக்கை யோசித்துப் பாருங்கள், எல்லாமே வெள்ளை. வெள்ளி வெள்ளை. ஜவ்வரிசி வெள்ளை. வெண்பட்டு வேட்டி. ஊருக்கு வடக்கே தோண்டி எடுக்கிற மேக்னசைட்டுக்கே எங்கள் பேச்சில் பெயர் வெள்ளைக்கல். சேகோ ஆலைக் களத்தில் ஈர ஜவ்வரிசியை வெயிலில் பரப்பிக் கிளறுகிற பெண்களைத் தள்ளி நின்று பார்த்தால் கண் கூசும். கீழே அவ்வளவு வெளுப்பு, அதன் நடுவில் நிற்கிறவர்கள் அவ்வளவு கறுப்பு. அந்தக் கறுப்பில் பிறப்பு பாதி, களம் பாதி. இதில் பூச்சுக்கு இடமில்லை.

ஏற்காட்டில் நானே ஒரு கூத்தைப் பார்த்தேன். என் தோழி ஒருத்தியின் குடும்பம் மலையாளி பழங்குடிகள், கேரளத்துக்காரர்கள் இல்லை, சேர்வராயன் மலையிலேயே பல தலைமுறையாக இருக்கிறவர்கள். அவள் அம்மா காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர். ஒரு டிசம்பரில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்துத் தோட்டத்தில் ஏதோ ஒரு சீரியல் ஷூட்டிங். ஏழைத் தோட்டத் தொழிலாளியாக வந்த நாயகியின் முதுகில் பெரிய மூங்கில் கூடை மாட்டியிருந்தார்கள். தோழியின் அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அது தேயிலைக் கூடை! காப்பிப் பழத்தை இடுப்பில் கட்டிய சாக்கில் போடுவார்கள். யாரோ தேயிலைத் தோட்டப் படத்தைப் பார்த்துவிட்டு மலை என்றால் முதுகில் கூடை என்று முடிவு செய்துவிட்டார்கள். நிஜமாகப் பறித்துக்கொண்டிருந்த பெண்களிடம் ஒரு தம்பி வந்து, "அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கங்க, ஃப்ரேம்ல வர்றீங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அவர்களும் தள்ளிக்கொண்டார்கள். தோட்டத்து வேலை ஒரு மணி நேரம் நின்றது.

இதற்கு நடுவில் விளம்பரம். 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் "ஃபேர்" என்ற சொல்லை எடுத்துவிட்டு க்ளோ அண்ட் லவ்லி ஆனது. அதற்கு முன்பே, 2014இல், விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி ஒரு விதி போட்டது. கருநிறத்தவர்களை அழகில்லாதவர்களாக, சோகமாக, கல்யாணத்திலோ வேலையிலோ தோற்றவர்களாகச் சிவப்பழகு விளம்பரங்களில் காட்டக் கூடாது என்று. நல்ல விதி. இப்போது இதே விதியை இரண்டு விளம்பரத்துக்கு நடுவே ஓடுகிற கதைக்கு வைத்துப் பாருங்கள். அழகில்லை என்று ஒதுக்கப்பட்டவள், அழுகை, கெட்டுப்போன கல்யாணம். முப்பது விநாடியில் காட்டக் கூடாததை முப்பது நிமிஷம் காட்டலாம் போல. கிரீம் கம்பெனி சொல்ல முடியாமல் விட்டதைச் சீரியல் சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

அம்மாவுக்கு ஒரு மாதம் முடிந்தது. டாக்டர் சரி என்று சொன்ன அன்றைக்கே பலகையை எடுத்துப் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். இப்போதுதான் கண் தெளிவாகத் தெரிகிறதே, பார்க்கலாமே என்றேன். "கேக்கறப்போ எல்லாரும் நம்ம தெருக்காரங்களா இருந்தாங்க கண்ணு. பாத்தா யாரோவா இருக்காங்க" என்றார்.

2022இல் வந்த எதிர்நீச்சல் சீரியலையும் அப்படித்தான் கேட்டார். நடிகர் மாரிமுத்துவின் ஆதி குணசேகரன் குரல் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு வளையத்தை நெரிப்பார். படித்த மருமகள்களை அடுப்படியில் பூட்டி வைக்கிற அந்த ஆளைத் திட்டாத நாளில்லை. 2023 செப்டம்பரில் மாரிமுத்து இறந்த அன்றைக்கு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. மாரிமுத்துவும் கறுப்புதான். அந்தக் குணசேகரன் பணக்காரன், திமிர் பிடித்தவன், கேலி பேசுகிறவன், சமயத்தில் சிரிக்க வைக்கிறவன். நிறத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. அவன் நல்லவனாக இருந்து எதையும் கட்டித் தீர்க்க வேண்டியிருக்கவில்லை. ஆம்பளைக்கு "இருந்தாலும்" கிடையாது. கறுப்பாக இருந்தால் கம்பீரம்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா யோசிக்கவே இல்லை, ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்த மாதிரி சொன்னார்.

"கலெக்டரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நம்ம எதிர்வீட்டுக்காரியாட்டம் ஒருத்தி, பட்டுச்சேலை கட்டிட்டு, பெரிய வீட்டு மாடிப்படியில வில்லியா இறங்கி வரோணும். யாரையாவது அழ வெக்கோணும். கால்ல நம்மூரு செவ்வாப்பேட்டைக் கொலுசு, நல்ல கனமா."

கையைக் கழுவிவிட்டுப் பலகைக்குப் போகும்போது சேர்த்துக்கொண்டார்: "அந்தச் சத்தத்துக்கு நான் நிமிர்ந்து பாப்பேன்."