குறை சொல்ல ஒன்றுமில்லை

மார்ச் மாதம் உலக மகிழ்ச்சி அறிக்கை வந்ததும் ஊரிலிருந்து அக்கா போன் செய்வாள். "உங்க ஃபின்லாந்துதான் மறுபடியும் முதலிடமாமே, எல்லாரும் அவ்வளவு சந்தோஷமாவா இருக்காங்க?" 2018-இல் பிடித்த முதலிடத்தை 2025 வரை யாருக்கும் விட்டுக்கொடுக்காத நாடு இது. இங்கே எஸ்போ நகரில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். அக்காவுக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல இன்னும் முடியவில்லை.

அந்தத் தரவரிசைக்கு அடிப்படை ஒரே கேள்வி. 0 முதல் 10 வரை படிகள் உள்ள ஏணியில் உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் நிற்கிறது? சிரிப்பும் கொண்டாட்டமும் அந்தக் கணக்கில் வராது. ஃபின்னிஷ் மொழியில் மகிழ்ச்சியாக இருப்பவர் 'ஒன்னெல்லினென்', திருப்தியாக இருப்பவர் 'த்யூத்யுவாய்னென்'. பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், முதல் வார்த்தையைத் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எப்படி இருக்கிறீர்கள் என்றால், ஆறு மணி நேரம்கூட வெளிச்சம் இல்லாத டிசம்பரிலும் "எய் வலித்தமிஸ்தா" என்பார். குறை சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து என்று கேட்டு வளர்ந்தவன் நான். இவர்களுக்கு அந்த மனம் பிறவியிலேயே வந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. போதும் என்று சொல்ல முதலில் பயம் போக வேண்டும். ஊரில் அப்பா வேலை பார்த்த மில் மூடியபோது மூன்றாம் மாதமே அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. அப்பாவிடம் யாராவது போதுமென்ற மனம் பற்றிப் பேசியிருந்தால் அது கொடுமை. 2013-இல் இங்கே எனக்கும் வேலை போனது, மகளுக்கு நாலு வயது. அன்று இரவு தூங்கவில்லை, உண்மைதான். ஆனால் வேலையின்மை நிதியில் சேர்ந்திருந்ததால் பழைய சம்பளத்தில் ஒரு நல்ல பங்கு மாதாமாதம் வந்தது. மகளின் டே கேர் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவை நினைத்து நடுங்கவும் இல்லை.

பணக்கார நாடு, செய்கிறது என்பார்கள். அப்படி இல்லை. போரில் தோற்று சோவியத் யூனியனுக்கு இழப்பீடு கட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1948-இல், எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவச மதியச் சாப்பாடு போட்டார்கள். பிறக்கும் குழந்தைக்கு வேண்டிய துணிமணிகளை வைத்து அரசு தரும் குழந்தைப் பெட்டி, 1938-இல் ஏழைத் தாய்மாருக்குத் தொடங்கியது, 1949-இல் எல்லாத் தாய்மாருக்கும் கிடைத்தது. இல்லாத காலத்தில் எடுத்த முடிவுகள்தான் இன்றைய அமைதிக்குக் காரணம் என்பது என் நம்பிக்கை.

அதனால்தான் இப்போது நடப்பது எனக்கு வலிக்கிறது. 2024 செப்டம்பர் முதல் சம்பளத்தை ஒட்டிய வேலையின்மை உதவித்தொகை எட்டு வாரம் கழிந்ததும் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, அப்புறம் இன்னும் கொஞ்சம் குறைகிறது. சிக்கனம் என்கிறார்கள். எடுப்பது பணத்தை மட்டும் என்று நினைக்கிறார்கள் போல.

போன மாதம் பெரியவருடைய மகனுக்கு வேலை போய்விட்டது. மாடிப்படியில் பார்த்தேன், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா நின்றார். "பார்க்கலாம்" என்றார்.