தோற்ற அரசின் நோட்டை வாங்கியவர் செய்த குற்றம் என்ன?

பழைய நோட்டு சேகரிக்கும் நண்பர்கள் நைஜீரியாவிலிருந்து பிரிந்து, போரில் தோற்றுப்போன பியாஃப்ராவின் நோட்டைக் காட்டி ‘செல்லாக் காசு’ என்று சிரிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. அது தானாகச் செல்லாமல் போகவில்லை, போக வைத்தார்கள்.

1967 மே மாதம் நைஜீரியாவிலிருந்து பிரிந்தபோது பியாஃப்ராவுக்குச் சொந்த நோட்டு கிடையாது, மக்கள் கையில் இருந்ததெல்லாம் நைஜீரிய பவுண்டுதான். 1968 ஜனவரியில் லாகோஸில் இருந்த நைஜீரிய அரசு நோட்டை மாற்றியது, சில வாரங்களில் பழையது செல்லாது என்றது, போர்முனைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர் எந்த வங்கியில் போய் மாற்றுவார்? அந்த மாதக் கடைசியில் பியாஃப்ரா தன் நோட்டுகளை வெளியிட்டது. 5 ஷில்லிங், 1 பவுண்டு, பனைமரமும் பின்னால் உதிக்கும் சூரியனும். சம்பளமும் அதில்தான், சந்தைச் சாமானும் அதில்தான். வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வழி இருந்தது?

1970 ஜனவரியில் பியாஃப்ரா சரணடைந்தது. வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் சரி, ஆளுக்கு 20 நைஜீரிய பவுண்டு என்று முடித்துவிட்டார்கள். ஆயுள் முழுக்கச் சேர்த்தவருக்கும் அதே 20. இரண்டே வருடத்தில், 1972இல், வெளிநாட்டு நிறுவனப் பங்குகளை நைஜீரியர்கள் வாங்கலாம் என்று ஆணை வந்தபோது பியாஃப்ராவில் பெரும்பான்மையாக இருந்த இக்போ மக்களிடம் வாங்கப் பணம் எங்கே இருந்தது?

சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இது புரியாத கதையா என்ன? ஜப்பான்காரன் காலம் உள்நாட்டுப் போர் இல்லைதான், ஆனால் 1945இல் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு ஒரே அறிவிப்பில் வெறும் காகிதம் ஆனது. மூன்றரை வருடம் அந்தக் காசில் கூலி வாங்கியவர்கள் விருப்பப்பட்டா வாங்கினார்கள்?

கண்டபடி அச்சடித்த காசுக்கெல்லாம் ஜெயித்தவன் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கு மாநிலங்கள் வாங்கிய கடனை 14ஆவது திருத்தம் 1868இல் அடியோடு செல்லாததாக்கியது. போர் நடத்தக் கடன்பத்திரம் வாங்கியவருக்கு அது சரி, அவர் தெரிந்தே பணம் போட்டார். கூலிக்காரரையும் அதே தராசில் வைப்பதுதான் அநியாயம். தலைக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு வைத்து, சில மாத அவகாசம் கொடுத்து, அந்த 5 ஷில்லிங், 1 பவுண்டு நோட்டுகளையாவது முழு மதிப்புக்கு மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும்.