களனி கங்கையில் விலாங்குக்கும் ஒரு வழி விடுங்கள்

களனி கங்கை என்றால் கொழும்பில் பேச்சு இரண்டு பக்கம்தான் போகும். ஒன்று அம்பத்தலையில் எடுக்கும் குடிநீர், மற்றது கொலன்னாவையை மூழ்கடிக்கும் வெள்ளம். இரண்டுமே உயிர்ப் பிரச்சினைகள். ஆனால் அதே ஆற்றில் ஏறி இறங்கி வாழும் மீன்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

விலாங்கைப் பாருங்கள். அது பிறப்பது ஆழ்கடலில். உடம்புக்குள் இருப்பதெல்லாம் வெளியே தெரியும் சின்னக் குஞ்சாக நம் முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கம் ஆற்றுக்குள் நுழைகிறது. நீரோட்டத்தை எதிர்த்து மேலே போய், பல வருடம் நன்னீரில் வளர்ந்து, முதிர்ந்ததும் முட்டையிடக் கடலுக்கே திரும்புகிறது. அதோடு அதன் ஆயுள் முடிகிறது. ஈரப் பாறையில் ஊர்ந்து ஏறக்கூடிய குஞ்சுதான், ஆனால் காய்ந்து நிற்கும் உயர்ந்த கொங்கிரீட் சுவரை அது என்ன செய்யும்? மேலே லக்ஷபான, கனியன், கித்துல்கலைப் பக்கம் புரோட்லண்ட்ஸ் என்று அணைக்கு மேல் அணை. தப்பி ஏறியது பெரிதாகிக் கடலுக்கு இறங்கும்போது, மின்சாரம் எடுக்கச் சுழலும் டர்பைன் வேறு காத்திருக்கிறது.

விராலுக்கும் பனையேறிக்கும் தேவை வேறு. மழையில் ஆறு பெருகிச் சதுப்புக்குள் பரவ வேண்டும். புல் மண்டிய, ஓட்டமில்லாத தண்ணீரில்தான் அவற்றின் குஞ்சுகள் பிழைக்கும். 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது, சந்தோசம். சதுப்பை வைத்துக்கொண்டு, அதை ஆற்றோடு சேர்க்கும் வாய்க்காலைக் குப்பையால் அடைத்தால் மீன் எப்படி உள்ளே வரும்?

வறட்சியில் கடல் நீர் ஆற்றில் மேலேறுகிறது. மணல் அள்ளி ஆற்றின் அடி தாழ்ந்துபோனதால் அது இன்னும் உள்ளே வருகிறது. குடிநீரைக் காக்க அம்பத்தலையில் தடுப்புப் போடத்தான் வேண்டும். ஆனால் விலாங்குக் குஞ்சு மேலே போவதும் அதே வழியால்தானே!

மீனின் உடம்பில் அரிசிமணி அளவில் ஒரு மின்னணுச் சில்லு வைத்து, அது எங்கே எப்போது கடக்கிறது என்று பதிவுசெய்யும் முறை பல நாடுகளில் பழகிப்போன ஒன்று. களனியிலும் அதைச் செய்ய வேண்டும், நம் பல்கலைக்கழக மாணவர்களால் முடியும். அதுவரை சும்மா இருக்கவும் தேவையில்லை. தடுப்பின் ஓரமாகச் சரிவான பாதை ஒன்று அமைத்து, தூரிகை நார் பதித்து, மெல்லியதாகத் தண்ணீர் ஓடவிட்டால் விலாங்குக் குஞ்சுகள் ஏறிப் போகும். ஐரோப்பிய ஆறுகளில் இது நடக்கிறது. பெரிய செலவில்லாத வேலை. அம்பத்தலையிலிருந்தே தொடங்கலாம்.