எந்தக் கால் முன்னே வருகிறது?

போன வாரம் மகளோடு பந்து எறிந்து விளையாடிக்கொண்டிருந்தேன். அவளுக்கு நாலரை வயது. வலது கையால் எறிகிறாள், எறியும்போது அதே வலது காலைத்தான் முன்னே வைக்கிறாள். பந்து நாலடி தள்ளிப் பொத்தென்று விழுகிறது. "இப்ப நீ போடுப்பா" என்றாள். போட்டேன். அதை வீடியோ எடுத்திருந்த மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை நீட்டினாள். எனக்கும் வலது கைக்கு வலது கால்தான் முன்னே வருகிறது. வயது 38.

சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். 1938-ல் மோனிகா வைல்ட் என்ற ஆய்வாளர், 2 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் பந்து எறிவதைப் படம்பிடித்து நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார். முதல் படியில் கை மட்டும்தான் வேலை செய்யும், உடம்பு சிலை மாதிரி நிற்கும். அடுத்து உடம்பு திரும்பும், கால் நகராது. மூன்றாவதில் காலை எடுத்து வைப்பார்கள், ஆனால் எறிகிற கையின் பக்கத்துக் காலை. நான்காவதில்தான் எதிர்க் கால் முன்னே போகும். இடுப்பு திரும்ப, தோள் அதைத் தொடர, கடைசியில் கை சாட்டை மாதிரி வீசும். என் மகள் மூன்றாம் படியில் இருக்கிறாள், அவள் வயதுக்கு அதில் குறையே இல்லை. நானும் அதே மூன்றாம் படியில் நிற்கிறேன் என்பதுதான் செய்தி!

"ஓடியாடி விளையாடட்டும், எல்லாம் தன்னால வரும்" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது அதில் பாதிதான் உண்மை என்று நினைக்கிறேன். பல் தன்னால் முளைக்கும். எறிவது, பிடிப்பது, உதைப்பது, மட்டையால் அடிப்பது, ஒற்றைக்காலில் தத்துவது எல்லாம் ஒரு கச்சா வடிவம் வரைக்கும் வரும், பலருக்கு அங்கேயே நின்றும் விடும். அதற்கு மேலே போக, யாராவது செய்து காட்ட வேண்டும், தப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அலுக்கும்வரை செய்து பார்க்க விட வேண்டும். இந்த விஷயத்தில் வந்த ஆய்வுகளை 2012-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். சொல்லிக்கொடுக்கப்பட்ட பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். சும்மா விளையாட விடப்பட்டவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை.

"தன்னால வரும்" என்பதற்கு அறிவியலிலும் ஒரு பழைய வேர் உண்டு. 1929-ல் ஆர்னால்டு கெசல், ஹெலன் தாம்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இரட்டைக் குழந்தைகளில் ஒன்றுக்கு 46-வது வாரத்திலிருந்து ஆறு வாரம் படியேறப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றதற்கு 53-வது வாரத்தில் தொடங்கி இரண்டே வாரம். கடைசியில் இருவரும் ஏறக்குறைய சமமாக ஏறினார்கள். ஆகவே அவசரப்படாதே, காலம் வந்தால் வரும் என்று முடிவு கட்டினார்கள். படிக்கட்டுக்கு அது பொருந்தலாம். அடுத்த சில ஆண்டுகளில் மிர்ட்டில் மெக்ரா என்ற ஆய்வாளர் இன்னொரு இரட்டையரை எடுத்துக்கொண்டார், ஜானி, ஜிம்மி. இருவரும் நடக்கத் தொடங்கியது கிட்டத்தட்ட ஒரே சமயத்தில்தான். ஆனால் பயிற்சி பெற்ற ஜானி, இரண்டு வயது ஆகும் முன்பே சக்கரக் காலணியில் உருண்டு போனான். சக்கரக் காலணி யாருக்காவது தன்னால் வருமா?

அந்த நடைகூட அப்படியொன்றும் இலவசமாக வருவதில்லை. கேரன் அடால்ஃப் என்பவரின் குழு 12 முதல் 19 மாதக் குழந்தைகளைக் கவனித்து எண்ணியது. ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 2,368 அடிகள், 17 விழுகைகள். ஒரு மணி நேரத்தில்! யாரும் வகுப்பு எடுக்கவில்லை, உண்மைதான். ஆனால் வீடு முழுக்கத் தரை இருக்கிறது, எழுந்திருக்கும்போதெல்லாம் கைதட்ட ஆள் இருக்கிறது. பந்து எறிய நாம் ஒரு நாளைக்கு எத்தனை வாய்ப்பு கொடுக்கிறோம்? "கண்ணாடி உடைஞ்சிடும்" என்று ஒரு குரல் வரும், அத்தோடு முடிந்தது.

மழலையர் பள்ளியில் போன மாதம் ஆசிரியை என்னிடம், "எழுத்து கொஞ்சம் கோணலா வருது, வீட்ல நிறைய எழுத வைங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, மேலே இருந்து அவருக்கும் அழுத்தம் இருக்கும். ஆனால் மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளில் பல, இந்த வயதில் இன்னும் முழுதாக எலும்பாகவே ஆகவில்லை, குருத்தெலும்பாகத்தான் இருக்கின்றன. உட்காரும்போது முதுகு நிமிர்ந்து நிற்க வேண்டும், தோள் அசையாமல் தாங்க வேண்டும், அப்போதுதான் விரல் நுணுக்கமான வேலை செய்யும். தொங்கவும் ஏறவும் களிமண் பிசையவும் விடாமல் மூன்று பக்கம் எழுதச் சொன்னால் பிள்ளைக்குப் பென்சிலே வெறுத்துப்போகும். கோணல் எழுத்து இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. 3, 4 வயதுப் பிள்ளைகள் நாளுக்குக் குறைந்தது 180 நிமிடம் ஏதாவது ஓர் அசைவில் இருக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி. திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. இந்தத் திரை விஷயத்தை மட்டும் எல்லோரும் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் பகிர்வோம். அதே வழிகாட்டுதலில், தள்ளுவண்டியிலோ உயர நாற்காலியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி உட்காரவைக்காதீர்கள் என்றும் இருக்கிறது. அதை யாரும் பகிர்ந்து நான் பார்த்ததில்லை. நமக்குச் சௌகரியமான கட்டுகள் அவை, அதனால் இருக்கலாம்.

எனக்கு உண்மையில் அக்கறை உள்ள இடம் வேறு. மூன்று, நான்கு வயதில் எந்தக் குழந்தைக்கும் தனக்கு வராது என்று தெரியாது. ஆறு முறை பந்தைத் தவறவிட்டுவிட்டு "நான் சூப்பரா பிடிப்பேன்ல" என்று கேட்கும். அந்த அசட்டுத் துணிச்சல்தான் கற்றுக்கொள்ள வைக்கிறது. ஏழு, எட்டு வயதில் பக்கத்தில் இருப்பவனோடு ஒப்பிடத் தெரிந்துவிடும். வராதவன் ஓரமாகப் போய் நிற்பான், நிற்பதால் இன்னும் வராமல் போகும். 2008-ல் டேவிட் ஸ்டாடன் என்ற ஆய்வாளரின் குழு எழுதியதும் இந்தச் சுழலைப் பற்றித்தான். நான் அந்த ஓரத்தில் நின்றவன். அணி பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுகிறவன். "எனக்கு ஸ்போர்ட்ஸ் வராது" என்று இத்தனை வருடம் அதை என் பிறவிக்குணம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் என் காலைப் பார்த்து "மாத்தி வை" என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் மோசம். எறிதலில் ஆண், பெண் வித்தியாசம் சின்ன வயதிலேயே தெரிகிறது என்பது உண்மை. ஆனால் அந்த வயதில் உயரத்திலும் எடையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. வீட்டில் யார் கையில் எத்தனை முறை பந்து போகிறது என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு நாலு வயதுப் பிள்ளையைக் கோச்சிங்கில் சேர்க்க ஓட வேண்டாம். ஒரே விளையாட்டை ஒரே மாதிரி செய்ய வைக்கும் வயது இது இல்லை. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், அவர்கள் ஓடிப்போகும்வரை. எறியச் சொல்லும்போது குறி வைக்கச் சொல்லாதீர்கள், குறி வைத்தால் உடம்பு சுருங்கிவிடும். சுவரைக் காட்டி "எவ்ளோ வேகமா முடியுமோ போடு" என்றால் உடம்பு தானாகத் திரும்பும். பிடிக்கக் கற்றுக்கொடுக்கப் பெரிய, மெத்தென்ற பந்து நல்லது, அதற்கும் முன்னால் மெல்லிய துணி. மேலே எறிந்தால் மிதந்து மெதுவாக வரும், பயம் இருக்காது. பலூனும் உதவும்தான், ஆனால் ஊதாத பலூனும் உடைந்த துண்டும் வாய்க்குப் போனால் ஆபத்து, கூடவே இருங்கள். சைக்கிளுக்குப் பக்கச் சக்கரத்தைவிடப் பெடல் இல்லாத வண்டியே மேல், முதலில் சமநிலை பழகிவிடும்.

இன்னொன்று. 100-ல் ஐந்தாறு பிள்ளைகளுக்கு இயக்க ஒருங்கிணைப்பிலேயே உண்மையான சிரமம் இருக்கும். எவ்வளவு பழகியும் ஓயாமல் இடறினால், பொத்தான் போடுவதே போராட்டமாக இருந்தால், மருத்துவரிடம் கேளுங்கள். முன்பு செய்ததை இப்போது செய்ய முடியவில்லை என்றால் தள்ளிப்போடவே கூடாது.

எங்கள் வீட்டுத் தரையில் இப்போது ஒரு மஞ்சள் பாத ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. இடது கால் அதில் விழ வேண்டும். நாலு நாளில் மகளுக்குப் பாதிக்குப் பாதி சரியாக வருகிறது. எனக்குப் பத்தில் இரண்டு. 38 வருடப் பழக்கம், அவ்வளவு சீக்கிரம் விடுமா? நேற்று நான் எறிந்ததும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அப்பா, அந்தக் கால் இல்ல" என்றாள். தோள்பட்டை வலிக்கிறது. சாயங்காலம் மறுபடி இருக்கிறதாம்.