ஜெயித்தால் நம்ம பையன், தோற்றால் வந்தேறி

2018 கால்பந்து உலகக் கோப்பையில் ரஷ்யாவின் சோச்சியில் நடந்த ஸ்வீடன் - ஜெர்மனி ஆட்டம் பலருக்கு நினைவிருக்கும். 1-1 என்று முடியப்போகிற நேரம். ஜெர்மனி பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருந்தது. மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த ஜிம்மி துர்மாஸ், பெனால்ட்டி பகுதிக்குச் சற்று வெளியே டீமோ வெர்னரை இடறிவிட்டார். ஃப்ரீ கிக் கிடைத்தது. 95ஆவது நிமிடத்தில் டோனி குரூஸ் அதை வளைத்துத் தூர மூலையில் போட்டார். ஸ்வீடன் கையில் இருந்த ஒரு புள்ளி போயே போய்விட்டது.

துர்மாஸ் செய்தது தேவையில்லாத ஃபவுல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மாதிரி ஃபவுல் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு லீகிலும் நடக்கிறது. ஸ்வீடிஷ் ரசிகர் ஒருவர் ‘மடையா, அங்கே ஏன் காலை நீட்டினாய்’ என்று கத்தியிருந்தால் நானும் கூடச் சேர்ந்து கத்தியிருப்பேன். நடந்தது வேறு. சில மணி நேரத்துக்குள் அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கம் முழுக்க அரபி, பயங்கரவாதி, தாலிபான் என்று வசவுகள். குழந்தைகளுக்குக்கூட மிரட்டல் வந்தது.

துர்மாஸ் பிறந்தது ஸ்வீடனின் ஓரெப்ரோ நகரில். பெற்றோர் துருக்கியிலிருந்து வந்த அசிரியக் கிறிஸ்தவர்கள். அதாவது அவர் அரபியும் இல்லை, தாலிபானுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. திட்டுகிறவனுக்கு அந்த விவரமெல்லாம் எதற்கு? பெயர் ஒரு மாதிரி இருக்கிறது, முடி கறுப்பாக இருக்கிறது, போதும்.

மறுநாள் பயிற்சி மைதானத்தில் கேமராக்களுக்கு முன்னால் துர்மாஸ் ஓர் அறிக்கை வாசித்தார். விமர்சனம் என் தொழிலின் ஒரு பகுதி, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இதற்கு ஓர் எல்லை இருக்கிறது, அதைத் தாண்டிவிட்டார்கள். நான் ஸ்வீடன்காரன், இந்த அணிக்கு ஆடுவதில் பெருமைப்படுகிறேன் என்பதுதான் அதன் சாரம். அவர் பேசிக்கொண்டிருந்தபோது மொத்த அணியும் பயிற்சியாளர்களும் பின்னால் வரிசையாக நின்றார்கள். முடிந்ததும் எல்லோருமாக இனவெறியைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்கள். அதை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தேசிய அணி ஒரே குரலில் சொன்ன கெட்ட வார்த்தைகளில் அவ்வளவு நாகரிகமான ஒன்றை நான் கேட்டதில்லை. அடுத்த ஆட்டத்தில் மெக்சிகோவை 3-0 என்று அடித்து அதே ஸ்வீடன் குழுவில் முதலிடம் பிடித்தது. ஜெர்மனி கடைசி இடம்.

சரி, ஜெர்மனிக்கு வருவோம். ஏனென்றால் அந்தக் கடைசி இடத்துக்கு அங்கேயும் ஓர் ஆள் தேவைப்பட்டது.

மெசுத் ஓசில் துருக்கிய வம்சாவளிக்காரர், ஆனால் ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷனில் பிறந்து வளர்ந்தவர். 2014இல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். 2010 அக்டோபரில் பெர்லினில் ஜெர்மனியும் துருக்கியும் மோதியபோது, அவர் காலில் பந்து பட்டபோதெல்லாம் துருக்கி ரசிகர்கள் ஊளையிட்டார்கள். அவர்கள் பார்வையில் அவர் துரோகி. அந்த ஆட்டத்தில் ஒரு கோலும் போட்டார், கொண்டாடவில்லை. எட்டு வருடம் கழித்து ஊளையிட்டவர்கள் ஜெர்மானியர்கள். 2018 மே மாதம் அவரும், அவரைப் போலவே துருக்கிய வம்சாவளியில் வந்த சக ஆட்டக்காரர் இல்காய் குண்டோகனும் லண்டனில் துருக்கி அதிபர் எர்டோகனோடு எடுத்துக்கொண்ட படம்தான் காரணம். உலகக் கோப்பைக்கு முன் லெவர்குசனில் சவுதி அரேபியாவோடு நடந்த நட்பு ஆட்டத்தில் குண்டோகன் களமிறங்கியதும் சொந்த ரசிகர்களே விசிலடித்தார்கள்.

அந்தப் படம் எனக்கும் பிடிக்கவில்லை. துருக்கியில் தேர்தல் நெருங்கிய நேரத்தில் ஓர் அதிபரின் பக்கத்தில் நின்று சிரிப்பது அரசியல் இல்லை என்று ஓசில் சொன்னதை நான் நம்பவில்லை. அதற்காக அவரை விமர்சிப்பது நியாயம். ஆனால் அதே கோடையில் ஜெர்மனியின் முன்னாள் கேப்டன் லோதர் மத்தாயஸ் மாஸ்கோ போய் புட்டினைச் சந்தித்தார். அவரிடம் ‘நீ உண்மையிலேயே ஜெர்மானியனா’ என்று யாரும் கேட்கவில்லை. முட்டாள்தனம் என்று சொன்னவர்கள் இருக்கலாம். பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் யாரும் போகவில்லை.

ஜூலை 22 அன்று தேசிய அணியிலிருந்து விலகியபோது ஓசில் எழுதிய ஒரு வரி உலகம் முழுக்கச் சுற்றியது: ஜெயித்தால் நான் ஜெர்மானியன், தோற்றால் குடியேறி. அதே அறிக்கையில் அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு கேள்வியும் இருந்தது. என் நண்பர்கள் லூகாஸ் பொடோல்ஸ்கியையும் மிரோஸ்லாவ் குளோசையும் யாரும் ஜெர்மன்-போலந்துக்காரர் என்று எழுதுவதில்லை, என்னை மட்டும் ஏன் ஜெர்மன்-துருக்கியர் என்கிறீர்கள்?

எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியம். குளோசும் பொடோல்ஸ்கியும் போலந்திலேயே பிறந்தவர்கள். ஓசில் பிறந்தது ஜெர்மனியில். ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பையில், 2008இல், போலந்துக்கு எதிராக இரண்டு கோலும் போட்டுவிட்டு பொடோல்ஸ்கி கொண்டாடாமல் நின்றார். ஜெர்மனியில் யாரும் அவருடைய விசுவாசத்தைச் சந்தேகப்படவில்லை, பாவம் பையனுக்கு நல்ல மனசு என்றார்கள். பிற்பாடு போலந்தின் குர்னிக் சாப்ஷே கிளப்புக்குப் போய் ஆடினார், அதையும் ரசித்தார்கள். இரண்டு நாட்டுப் பாசம் பொடோல்ஸ்கியிடம் இருந்தால் அழகு, ஓசிலிடம் இருந்தால் குற்றம். ஆக, பிரச்சினை இரண்டு வேர் இருப்பதில் இல்லை. எந்த வேர் என்பதில்தான். 2024 யூரோவுக்கு முன்னால் ஒரு ஜெர்மன் தொலைக்காட்சி ஆவணப்படத்துக்காக எடுத்த கருத்துக்கணிப்பில், தேசிய அணியில் வெள்ளைத் தோல்காரர்கள் இன்னும் கொஞ்சம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று 21 சதவீதம் பேர் சொன்னார்கள். அப்போது அணியின் கேப்டன் யார் தெரியுமா? லெவர்குசனில் விசில் வாங்கிய அதே குண்டோகன்.

தேசிய கீதம் பாடாத விஷயமும் இதே கதைதான். ஓசில் பாடுவதில்லை, பிரான்சின் பென்சிமா பாடுவதில்லை என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். 1974இல் கோப்பை வென்ற மேற்கு ஜெர்மனி அணியின் பழைய காணொளிகளைப் பாருங்கள், பலர் வாயே திறந்திருக்க மாட்டார்கள். யாரும் கணக்கெடுக்கவில்லை.

இதற்காக எல்லா ஊளையையும் ஒரே மூட்டையில் கட்டுவதும் எனக்குச் சம்மதமில்லை. டெக்லான் ரைஸை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் பக்கம் பிறந்தவர், தாத்தா பாட்டி அயர்லாந்து. 2018இல் அயர்லாந்து சீனியர் அணிக்காக மூன்று நட்பு ஆட்டங்கள் ஆடிவிட்டு, அடுத்த வருடம் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். 2024 செப்டம்பரில் டப்ளினில் இரு அணிகளும் மோதின. ரைஸுக்கும், இளையோர் அணிகளில் அயர்லாந்துக்கு ஆடிவிட்டுப் போன ஜாக் கிரீலிஷுக்கும் செமத்தியான வரவேற்பு. ஊளை காதைப் பிளந்தது. கடைசியில் இங்கிலாந்து 2-0 என்று ஜெயித்தது, கோல் போட்டவர்கள் ரைஸும் கிரீலிஷும். ரைஸ் கொண்டாடவில்லை.

அந்த ஊளை எனக்கு உறுத்தவில்லை. நம் சட்டையைப் போட்டவன் பரம எதிரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தால் மனசு வலிக்கத்தான் செய்யும். ‘எங்களை விட்டுப் போய்விட்டாயே’ என்ற கோபம் அது. நீ எங்கள் ஆளே இல்லை, உன் அப்பன் ஊருக்குப் போ என்பது வேறு. முதலாவதில் ஒரு சொந்தம் இருக்கிறது. இரண்டாவதில் கதவு சாத்தப்படுகிறது. இரண்டும் ஒரே கேலரியிலிருந்து ஒரே சத்தத்தில் வரலாம், அதனால்தான் குழப்பமும் வருகிறது.

ஆனாலும் டப்ளின் ரசிகர்களைப் பார்த்து ஒரு சிரிப்பு வராமல் இல்லை. அன்றைக்கு இங்கிலாந்தின் தற்காலிகப் பயிற்சியாளர் லீ கார்ஸ்லி. பர்மிங்காமில் பிறந்து அயர்லாந்துக்கு 40 ஆட்டம் ஆடியவர். இங்கிலாந்து கீதத்தைப் பாட மாட்டேன் என்று சொல்லி அந்தப் பக்கம் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். அயர்லாந்தின் பயிற்சியாளரோ ஐஸ்லாந்துக்காரர். அப்புறம் 1988 யூரோவில் ஸ்டட்கார்ட்டில் இங்கிலாந்தை 1-0 என்று வீழ்த்திய அந்தப் புகழ்பெற்ற தலையடி கோல் யாருடையது? ரே ஹவ்டன், கிளாஸ்கோவில் பிறந்தவர். பயிற்சியாளர் ஜாக் சார்ல்டன், 1966இல் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பை தூக்கியவர். 1990 உலகக் கோப்பையில் அயர்லாந்தின் கேப்டன் மிக் மெக்கார்த்தி, பார்ன்ஸ்லியில் பிறந்தவர். பாட்டியின் பாஸ்போர்ட் நம் பக்கம் வரும்போது அது ரத்த பாசம், எதிர்ப்பக்கம் போகும்போது துரோகம்.

இனி சொல்லப்போவது நம்மைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் கசக்கும். வசவைக் கண்டிக்கிறோம், சரி. நம் பாராட்டு மட்டும் யோக்கியமா?

1998இல் பிரான்ஸ் கோப்பை வென்ற இரவு, பாரிஸின் வெற்றி வளைவு மேல் ஜிதானின் முகத்தை ஒளியால் காட்டினார்கள். அல்ஜீரியப் பெற்றோருக்கு மார்செய்யில் பிறந்தவர். இறுதி ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக இரண்டு தலையடி. கறுப்பர், வெள்ளையர், அரபியர் எல்லோரும் கலந்த இதுதான் புதிய பிரான்ஸ் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. இதே அணியை ‘செயற்கையானது’ என்று இரண்டு வருடம் முன்பு ஏளனம் செய்த தீவிர வலதுசாரித் தலைவர் லெ பென் வாயடைத்துப் போனார் என்று எல்லோருக்கும் சந்தோஷம். 2001இல் பிரான்சும் அல்ஜீரியாவும் பாரிஸில் மோதியபோது பிரெஞ்சு கீதத்துக்கு விசில் விழுந்தது, ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்து ஆட்டம் பாதியில் நின்றது. 2002இல் அதே லெ பென் அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றுக்கு வந்தார். அந்த வருட உலகக் கோப்பையில் பிரான்ஸ் ஒரு கோல்கூடப் போடாமல் வெளியேறியது.

ஒரு கோப்பையை ஆதாரமாகக் காட்டி ‘பாருங்கள், இவர்கள் வந்தது எவ்வளவு நல்லது’ என்று வாதாடினால், தோற்ற அன்றைக்கு எதிராளி அதே ஆதாரத்தைத் திருப்பிக் காட்டுவான். இது நாமே அவனுக்கு எடுத்துக் கொடுத்த ஆயுதம். 2018இல் பிரான்ஸ் ஜெயித்தபோது ‘ஆப்பிரிக்கா ஜெயித்துவிட்டது’ என்று நகைச்சுவையாளர் ட்ரெவர் நோவா தன் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஜோக் அடித்தார். அமெரிக்காவிலிருந்த பிரெஞ்சுத் தூதர், 23 பேரில் இருவரைத் தவிர எல்லோரும் பிரான்சில் பிறந்தவர்கள், இவர்களுடைய பிரெஞ்சுத்தன்மையை மறுக்காதீர்கள் என்று கடிதம் எழுதினார். இவர்கள் ஏன் இரண்டுமாக இருக்கக் கூடாது என்று நோவா பதில் சொன்னார். பதில் எனக்குப் பிடித்திருந்தது, ஜோக் பிடிக்கவில்லை. 2024இல் தென்னமெரிக்கக் கோப்பையான கோபா அமெரிக்காவை வென்ற அர்ஜென்டினா அணியின் பேருந்தில் என்ஸோ பெர்னாண்டஸும் கூட்டாளிகளும் பாடிய பாட்டைப் பாருங்கள். இவர்கள் பிரான்சுக்கு ஆடுகிறார்கள், ஆனால் அங்கோலாக்காரர்கள் என்று போகும் அது. பிற்பாடு மன்னிப்புக் கேட்டார். ஜோக்கில் அன்பு இருந்தது, பாட்டில் இளக்காரம் இருந்தது, தகவல் என்னவோ ஒன்றுதான். பிரான்ஸ் ஆடும் ஒவ்வொரு முறையும் ‘ஆப்பிரிக்கா பி டீம்’ மீம் பகிரும் நண்பர்களே, உங்களையும்தான் சொல்கிறேன்.

ஆட்டக்காரனைச் சும்மா ஆட்டக்காரனாக விடுங்களேன். அவன் நன்றாக ஆடாவிட்டாலும் அவனுக்கு அந்த நாடு சொந்தம்தான். சுமாரான வலது பின்களக்காரன் ஒருவன், பெயர் எதுவாக இருந்தாலும், சுமாராக ஆடிவிட்டு வீட்டுக்குப் போகிற உரிமை அவனுக்கு வேண்டும்.

கடைசியாக, இந்த விசுவாச வியாபாரத்தில் கால்பந்துச் சங்கங்களின் பங்கு. முனிர் எல் ஹதாதி என்ற பையன் 2014இல், 19 வயதில், மாசிடோனியாவுக்கு எதிராக ஸ்பெயினுக்காக 13 நிமிடம் ஆடினான். நட்பு ஆட்டமல்ல, போட்டி ஆட்டம் என்பதால் அன்றைய விதிப்படி ஆயுசுக்கும் ஸ்பெயின்காரன் ஆகிவிட்டான். அதற்குப் பின் ஸ்பெயின் அவனைச் சீனியர் அணிக்கு அழைக்கவே இல்லை. அப்பாவின் நாடான மொராக்கோவுக்கு ஆடலாமா என்று விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை போனான், கிடைக்கவில்லை. 2020இல் ஃபிஃபா விதியைத் தளர்த்திய பிறகுதான் வழி பிறந்தது. 21 வயதுக்குள், மூன்று ஆட்டத்துக்கு மேல் ஆடாமல், மூன்று வருடம் கழிந்திருந்தால் மாறலாம் என்று. பையன்களைக் கட்டிப்போடுவதற்காகவே அவசரமாக இறக்குகிற சங்கங்கள் உண்டு. அவன் வேறு பக்கம் போனால் ‘எங்கள் செலவில் வளர்ந்தவன்’ என்று புலம்புவதும் அவர்கள்தான்.

பிரான்சில் இது இன்னும் மோசமாக நடந்தது. 2010 நவம்பரில் பிரெஞ்சுக் கால்பந்துச் சங்கத்தின் ஒரு கூட்டத்தில், பின்னால் வேறு நாட்டுக்கு ஆடிவிடக்கூடிய இரட்டைக் குடியுரிமைச் சிறுவர்களை 12, 13 வயதிலேயே பயிற்சி மையங்களில் குறைத்துச் சேர்ப்பது பற்றிப் பேசியிருக்கிறார்கள். அடுத்த ஏப்ரலில் ஒலிப்பதிவு வெளியானது. தேசியத் தொழில்நுட்ப இயக்குநரை இடைநீக்கம் செய்தார்கள், விசாரணை நடந்தது, தேசிய அணிப் பயிற்சியாளர் லொரான் பிளாங்க் மேல் குற்றமில்லை என்று முடித்து வைத்தார்கள். 2014 உலகக் கோப்பைக்கு வந்த அல்ஜீரிய அணியின் 23 பேரில் 16 பேர் பிரான்சில் பிறந்தவர்கள். அவர்களில் யாரையாவது நன்றி கெட்டவன் என்று திட்டத் தோன்றினால், 12 வயதுப் பையனைச் சந்தேகத்தோடு எடைபோட்ட அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர்களை முதலில் திட்டிவிட்டு வாருங்கள்.