கவலையை விட்டால் இன்சுலின் வேண்டாமா?

"சர்க்கரைக்குக் காரணமே கவலைதான், மனசு லேசானால் ஊசியை நிறுத்திவிடலாம்" என்று டெல்டா பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறு. ஆபத்தும்கூட.

பாதி உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் பலரும் நம்புகிறார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வராத கவலையில் கார்டிசால், அட்ரினலின் என்ற மன அழுத்த ஹார்மோன்கள் கூடி சர்க்கரை ஏறும். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வந்து கவலை தீர்ந்தாலும், கணையம் இழந்த இன்சுலின் திரும்பாது. முதல் வகை (உடலில் இன்சுலின் ஏறக்குறையச் சுரக்காத) சர்க்கரை நோயாளி ஊசியை நிறுத்தினால், ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஊசியோ மாத்திரையோ எடுப்பவருக்கு நடவு வயலில் கை நடுங்கி, வியர்த்து, நெஞ்சு படபடத்தால் "பயந்துட்டாரு" என்று விட்டுவிடாதீர்கள். அது தாழ்சர்க்கரையாக இருக்கலாம். ரத்தச் சர்க்கரை அளவு 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே என்றால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சர்க்கரை பார்க்கும் கருவி இல்லையென்றால் காத்திருக்காமல் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

மனச்சோர்வு பலவீனமல்ல, சர்க்கரை உள்ளவர்களுக்கு அது கூடுதலாகவே வருகிறது. இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லை, மாத்திரை போடவே மனமில்லை என்றால், "வாயைக் கட்டு" என்று வீட்டார் அதட்டுவது உதவாது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.